இருண்ட இருக்கைகளை நோக்கி ஓர் ஆட்டம்

நான் ஐஸ் ஸ்கேற்றிங் நடுவர் மேசையை விட்டு விலகுகிறேன் என்று தெரிந்ததும், இந்த வருடம் நடுவர் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் நம் பிள்ளைகள் சிலர், "அக்கா, எங்களுக்கு ஏதாவது எழுதித் தாங்கோ" என்று கேட்டார்கள். முப்பத்துமூன்று வயதில் "என் பணிக்காலத்தில்" என்று தொடங்குவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் சின்னவனுக்கு இரண்டு வயது, அடுத்தது வயிற்றில். வார இறுதிகளில் குளிர் அரங்குகளில் உட்கார்ந்திருக்க இனி உடம்பும் வீடும் இடம் தரமாட்டா. ஆகவே ஓய்வு பெற்றவளாகவே என்னை வைத்துக்கொள்ளுங்கள்.

விதிகள் உங்களுக்கு வகுப்பில் வரும். எந்தப் பாய்ச்சலுக்கு எத்தனை சுற்று, சப்பாத்துக் கத்தியின் எந்த விளிம்பில் இறங்க வேண்டும் என்பதையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்லித்தருவார்கள். நான் எழுதுவது விதிப்புத்தகத்தில் இல்லாத ஒன்று எதிரே வந்து நின்ற ஒரு பிற்பகலைப் பற்றி. அன்று செய்தது சரியா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். யோசித்துக்கொண்டேதான் இதையும் எழுதுகிறேன்.

உங்கள் அம்மாமாரும் படிப்பார்கள் என்பதால் ஒரு சிறு விளக்கம். ஸ்கேற்றிங்கில் ஆட்டக்காரர் பாய்ந்து இறங்கும் அந்தக் கணத்திலேயே, அது என்ன பாய்ச்சல், முழுச் சுற்றும் சுற்றினாரா, குறைந்ததா என்று உரக்கச் சொல்ல ஒருவர் வேண்டும். அவரைக் கோலர் என்போம். நான் கோலர். நான் சொல்வதைச் சரிபார்க்க ஒரு துணை, எங்கள் இருவருக்கும் மேலே ஒரு மேசைத் தலைவர், பக்கத்தில் வீடியோவை நிறுத்தி ஓட்டிக் காட்ட ஒருவர். மேசையில் ஒருவர் எழுந்துவிட்டாலும் அந்த ஆட்டம் கணக்கில் வராது.

கோலர் பார்ப்பது காலை மட்டும். முகம் ஏமாற்றும், கால் ஏமாற்றாது என்று சொல்லித்தான் என்னைப் பழக்கினார்கள். வருடக்கணக்காக நான் எவருடைய முழங்காலுக்கும் மேலே பார்த்ததில்லை என்றே சொல்லலாம். கடையில் ஓர் ஆட்டக்காரரைக் கண்டால் எனக்கு அடையாளம் தெரியாது. இரண்டடி நடந்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. நான் பயந்தவள். சந்தேகம் வந்தால் "றிவியூ" என்று சொல்லி வீடியோவைத் திரும்பப் பார்க்கும் உரிமை கோலருக்கு உண்டு. மற்றவர்கள் ஓர் ஆட்டத்தில் இரண்டு மூன்று முறை சொல்வார்கள். நான் ஏறக்குறைய எல்லாப் பாய்ச்சலுக்கும் சொல்வேன். பிள்ளை பிறந்த பிறகு இது வீட்டுக்கும் வந்துவிட்டது. பூட்டிய கதவைத் திரும்பிப் போய்த் தள்ளிப் பார்ப்பேன். தூங்கும் பிள்ளையின் மூக்கில் விரல் வைத்து மூச்சுப் பார்ப்பேன். மேசையில் எல்லோருக்கும் இது தெரியும். சிரிப்பார்கள்.

ரஷ்ய ஆண்கள் ஸ்கேற்றிங்கில் எவ்வளவு பெரிய படை என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே பட்டியலின் அடியில் நிற்பவர் வேறு பல நாடுகளில் முதல் ஆளாக இருப்பார். இப்போதோ, போரால் வந்த தடைக்குப் பிறகு, பெரிய போட்டிகளுக்கு அவர்களுக்குக் கிடைப்பது மிகச் சில இடங்கள், அதுவும் கொடி இல்லாமல், தனி ஆளாக. நான் சொல்லும் அந்த முறை ஓர் இடம் யாருக்கென்று முடிவாகாமல் இருந்தது. அந்த இடத்துக்கு இரண்டு பேர். இருவரும் ரொறொன்ரோவில், ஒரே பயிற்சியாளரிடம் பழகிக்கொண்டிருந்தார்கள்.

ரஷ்யச் சங்கத்தின் வழக்கம் என்னவென்றால், பருவம் தொடங்குமுன் தேர்வாளர்கள் முன்னால் ஒரு சோதனை ஆட்டம். அதில் ஆடாதவரை அனுப்பமாட்டார்கள். இந்த இருவருக்கும் கனடா விசாப் பத்திரங்கள் இலையுதிர்காலத்தில்தான் கைக்கு வரும் என்பதால், அதற்கு முன் நாட்டை விட்டு வெளியேறினால் திரும்பி வருவது கடினம். அதனால் சோதனை ஆட்டத்தை இங்கேயே, எந்தப் பக்கமும் சேராத ஒரு மேசையின் முன்னால் வைத்து, வெட்டாத வீடியோவையும் எங்கள் முடிவையும் அங்கே அனுப்புவதென்று ஏற்பாடு. மதியத்துக்குப் பின் குறுகிய ஆட்டம், இரண்டு மணி நேரம் கழித்து நீண்ட ஆட்டம். முடிவு அங்கே போய்ச் சேரும்வரை மேசையில் இருப்பவர்கள் ஆட்டக்காரரோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது.

றிச்மண்ட் ஹில்லில் ஒரு பழைய அரங்கு. வெளியே ஜூலை வெயில் காரின் கைபிடியைச் சுட்டது. உள்ளே ஐசின் மேல் முழங்கால் உயரத்துக்குப் பனிமூட்டமாகப் புகார், கால் தெரியும் அளவுக்கு மெல்லியது. வெக்கை நாளில் கதவைத் திறந்து திறந்து மூடினால் அப்படித்தான் வரும். எங்கள் மேசை நேரக்காப்பாளர் பெட்டிக்குள். பார்வையாளர் இருக்கைகள் எல்லாம் ஐசுக்கு அப்பால், எதிர்ப்பக்கம். யாரும் வரப்போவதில்லை என்பதால் அந்தப் பக்கத்து விளக்குகளை அணைத்திருந்தார்கள். புகாருக்கு மேலே முதல் இரண்டு வரிசை கொஞ்சம் தெரிந்தது. அதற்கு மேல் ஒரே இருட்டு.

வீடியோவில் நிரோ அக்கா. வார நாளில் பிறம்ரனில் ட்ரக் அனுப்பும் கந்தோரில் வேலை. மகள் ஸ்கேற்றிங் பழகிய காலத்தில் இந்த ஆசை தொற்றிக்கொண்டது, மகள் விட்ட பிறகும் அக்கா விடவில்லை.

"அடுப்பை நிப்பாட்டிப்போட்டு வந்தனீயே?" என்று கேட்டபடிதான் என்னை வரவேற்றார்.

"நிப்பாட்டிட்டன் அக்கா."

"வடிவா யோசி. போன முறை ஹைவேயிலை ஏறினாப் பிறகெல்லோ திரும்பிப் போனனீ."

துணைக்கு இருந்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் விஷயம் புரிந்து சிரித்தாள்.

ஒலெக் முதலில் ஆடினார். இருவரில் மூத்தவர். நாலு சுற்றுப் பாய்ச்சல் ஒன்றில் கால்வாசி குறைந்தது, அக்ஸல் என்ற பாய்ச்சலில் கை ஐசைத் தொட்டது. கெட்ட ஆட்டம் இல்லை, நல்ல ஆட்டமும் இல்லை. வெளியே வந்து எங்களைப் பார்த்துக் குனிந்துவிட்டுப் போனார்.

அடுத்தது ருஸ்லான். இருபத்தொரு வயது. இசை தொடங்கியது. நான் காலைப் பார்த்தேன்.

முதல் பாய்ச்சல் நாலு சுற்று. அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. நல்ல இறக்கத்துக்கு ஒரே ஒரு சத்தம்தான் இருக்கும், துணி கிழிவது போல. சுற்று முழுசு, விளிம்பு சுத்தம். இரண்டாவது கூட்டுப் பாய்ச்சல், அதுவும் சுத்தம். அக்ஸல் புகாருக்குள்ளிருந்து கிளம்பிப் புகாருக்குள்ளேயே இறங்கியது. நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனேன். "றிவியூ" என்ற வார்த்தை என் வாயில் வரவேயில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஓர் ஆட்டத்தை நான் கோல் பண்ணியதில்லை.

சுழல் ஒன்று முடிந்தபோது நிரோ அக்கா மெல்லிய குரலில் கேட்டார்:

"உவன் ஆருக்கு ஆடுறான்?"

எனக்கு விளங்கவில்லை. தலையை நிமிர்த்தினேன். முதல் முறையாக அவருடைய காலை விட்டு ஆளைப் பார்த்தேன். முதுகு தெரிந்தது.

ஓர் ஆட்டம் நடுவர் பக்கம் பார்த்துத்தான் கட்டப்படும். கை நீட்டுவது, நின்று பார்ப்பது, சிரிப்பது எல்லாம் நடுவருக்கு. ருஸ்லான் அத்தனையையும் அப்படியே அரைவட்டம் திருப்பி வைத்து, எதிர்ப்பக்கத்து இருட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார். சின்னப் பிள்ளைகள் பதற்றத்தில் பக்கம் மாறி நிற்பதுண்டு. இரண்டு அசைவில் உணர்ந்து திரும்பிவிடுவார்கள். இவர் திரும்பவில்லை. ஐசைச் சுற்றியிருக்கும் வேலியோரம் ஓடும் அடிகளின்போது ஒவ்வோர் இருக்கையாகப் பார்த்துக்கொண்டு போனார். ஓரிடத்தில் மட்டும் வேலியை விட்டு விலகி, யாருக்கோ வழி விடுவது போல வளைந்து சென்றார்.

இசை நின்றது. நெஞ்சில் கை வைத்து அந்தப் பக்கம் குனிந்தார். நிமிர்ந்து, தலையைச் சற்றுச் சரித்து, எதையோ கேட்பது போல நின்றார். பிறகு தலையாட்டினார். எங்கள் பக்கம் பார்க்காமலே வெளியேறினார்.

நிரோ அக்கா மேற்சட்டையின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எனக்கு உது பிடிக்கேல்லை" என்றார்.

மேசைத் தலைவர் நீண்ட அனுபவம் உள்ள மனிதர், நியாயமானவர். எந்தப் பக்கம் பார்த்து ஆட வேண்டும் என்று விதியில் இல்லை என்றார். அது உண்மை. பயிற்சியாளர் வேலிக்கு அப்பால் நின்று கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேறு அரங்கில் பழகியதால் பக்கம் மாறியிருக்கும், அதனால் என்ன, பாய்ச்சலைப் பாருங்கள் என்றார். அதுவும் உண்மையாக இருக்கலாம். எண்களின்படி அந்த இடம் ருஸ்லானுக்குத்தான். நீண்ட ஆட்டத்தில் பாதி சரியாக ஆடினாலும் போதும்.

எனக்கு மட்டும் அது போதவில்லை. சில வாரங்களுக்கு முன் சின்னவன் கட்டிலிலிருந்து விழுந்தபோது வைத்தியர் எனக்குச் சொல்லியிருந்தார்: தலையில் அடிபட்ட பிள்ளை அழாமல் இருக்கலாம், விளையாடலாம், சாப்பிடலாம், கண் எங்கே பார்க்கிறது என்று பாருங்கள். ருஸ்லானுக்குத் தலையில் அடிபட்டதென்று யாரும் சொல்லவில்லை. அடிபட்டிருந்து, இன்னும் இரண்டு மணி நேரத்தில் நாலு சுற்றுப் பாய்ச்சல்களுக்குப் போய் மறுபடி விழுந்தால் என்ன ஆகும் என்று மட்டும் எனக்குத் தெரியும். அடிபடாமல் இருந்து நான் வாயைத் திறந்தால், ஒரு பிள்ளை ஐந்து வயதிலிருந்து உழைத்தது என்னால் போகும்.

"அக்கா, எனக்குப் பயமாக் கிடக்கு."

"உனக்கு எப்ப பயமில்லை?"

அவர் பகிடியாகத்தான் சொன்னார். எனக்கு அது சுட்டது. எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள் ஒன்றுக்காகப் பயந்தால் யார் நம்புவார்கள்? நானே என்னை நம்பவில்லை.

ஐஸ் துப்புரவாக்கும் வண்டி உள்ளே வந்த நேரத்தில் எழுந்து ஆட்டக்காரர்களின் அறைப் பக்கம் போனேன். கழிவறைக்குப் போவதாக எனக்கே சொல்லிக்கொண்டு போனேன். ருஸ்லான் நடைபாதை வாங்கில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஒரு சப்பாத்து போட்டிருந்தார். மற்றதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மரியாதையாக எழுந்தார். எங்களுக்குப் பொதுவான மொழி ஆங்கிலம்தான். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"அந்தப் பிள்ளையை வேலியிலிருந்து இறக்கிவிடுங்கள்" என்றார்.

"எந்தப் பிள்ளையை?"

"இருக்கைகளின் முன்னால், உங்கள் பக்கத்தில் நின்ற பிள்ளை. வேலி விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறான். நான் வேகமாக வரும்போது விரல் போய்விடும். நீங்கள் பேசாமல் இருக்கிறீர்கள்."

அரங்குக்குள் பிள்ளைகள் யாரும் இல்லை. அவர் சொன்ன பக்கத்தில் நானும் இல்லை. அவர் குரல் மிகவும் அமைதியாக, என்னைக் குறை சொல்ல மனமில்லாதவர் போல இருந்தது.

செய்யக்கூடாததுதான், ஆனாலும் வெளியே வந்து உடனே விட்பியில் வீட்டுக்குப் போன் எடுத்தேன். சின்னவனைப் பார்த்துக்கொண்டிருந்த மாமி எடுத்தார்.

"மாமி, சின்னவன் எங்கை?"

"ஏன், இஞ்சை மடியிலை கிடக்கிறான். நித்திரை. என்ன பிள்ளை, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"கையைப் பாருங்கோ மாமி. விரலைப் பாருங்கோ."

"விரலுக்கு என்ன? பத்தும் கிடக்கு. நீ போய் வேலையைப் பார்."

போனை வைத்தபின் அங்கேயே நின்றேன். உங்களில் என்னைப் போல ஒருவராவது இருப்பீர்கள், அவருக்காக இதை எழுதுகிறேன். என் பயங்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. அடுப்பு என்று தொடங்கும், அடுப்பைப் பார்த்துவிட்டால் கதவு, கதவைப் பார்த்துவிட்டால் காய்ச்சல். மாமி "பத்தும் கிடக்கு" என்றதும் பிள்ளையைப் பற்றிய பயம் வழக்கம்போல வேறு எதையோ தேடிக் கிளம்பிவிட்டது. ஆனால் அந்த முதுகு அப்படியே நின்றது. எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் அது வேறொன்றாக மாறவில்லை. நான் பயந்ததையும் நான் கண்டதையும் அன்றுதான் முதல் முறையாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது.

மேசைக்குத் திரும்பி, நான் ஆட்டக்காரரோடு பேசிவிட்டேன் என்று தலைவரிடம் சொன்னேன். அவர் சொன்னதையும் சொன்னேன். ஒரு வைத்தியர் பார்க்கும்வரை நீண்ட ஆட்டத்துக்கு இந்த மேசையில் இருக்கமாட்டேன் என்றேன். கோலரிடம் இருக்கும் ஒரே பலம் அதுதான், எழுந்து நிற்பது.

பயிற்சியாளர் ஓடிவந்தார். வயதான மனிதர்.

"நீங்கள் யார் இதைச் சொல்ல? பாய்ச்சலில் குறை கண்டீர்களா?"

"இல்லை."

"ஒன்றுமில்லையா?"

"ஒன்றுமில்லை. எல்லாம் சுத்தம்."

"உங்களுக்கு நாடு இருக்கிறது, வீடு இருக்கிறது, பிள்ளை இருக்கிறது. அவனுக்கு இது மட்டும்தான் இருக்கிறது. உங்கள் நரம்புத் தளர்ச்சிக்காக அதைப் பறிக்கிறீர்கள்."

உட்கார்ந்துவிடலாமா என்று நினைத்தேன், பொய் சொல்லவில்லை. அப்போது நிரோ அக்கா காதிலிருந்த கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நானும் இருக்கேல்லை. தலைவரிட்டைப் போய்ச் சொல்லு."

"அக்கா, நீங்கள் ஏன்?"

"சும்மா இரு. நீ கதவு பூட்டு எண்டு பயந்தா நான் பகிடி பண்ணுவன். உதை நானும் கண்டனான்."

அந்தச் சத்தத்துக்கு ஒலெக் வந்தார். கொஞ்ச நேரம் தூரத்தில் நின்றார். பிறகு பயிற்சியாளரிடம் ரஷ்ய மொழியில் ஏதோ சொன்னார். பயிற்சியாளரின் முகம் மாறியதைப் பார்த்து, விஷயம் பெரிது என்று புரிந்துகொண்டேன். பிறகு எங்களுக்கும் ஆங்கிலத்தில் சொன்னார். காலைப் பயிற்சியில் ருஸ்லான் விழுந்தார். பின்தலை ஐசில் அடித்தது. சில கணம் எழும்பவில்லை. எழுந்ததும், யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டார்.

"ஏன் காலையிலேயே சொல்லவில்லை?" என்று தலைவர் கேட்டார்.

"நான் சொன்னால் இடம் எனக்கு" என்றார் ஒலெக். "என்னை யார் நம்புவார்கள்? நானே எப்படி நம்புவேன்?"

அந்தப் பதிலை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நேர்மையாக இருக்க வேண்டும் என்பதற்காகவே ஒருவர் வாயை மூடிக்கொண்டு, கூட்டாளியைச் சாவுக்குப் பக்கத்தில் விட்டிருந்தார். இந்தத் தொழிலில் கெட்டவர்களால் வரும் கேட்டை விதிகள் ஓரளவு தடுத்துவிடும். தன் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று கவலைப்படும் நல்லவர்களைத் தடுக்க ஒரு விதியும் இல்லை. நானும் அன்று அந்த வரிசையில் நிற்கப் பார்த்தவள்தான்.

ருஸ்லானை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூளையில் அதிர்ச்சி, இலையுதிர்காலம்வரை ஐசில் கால் வைக்கக்கூடாது என்றார்கள். ஸ்கேன் படத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லையாம். அந்தச் செய்தி எனக்கு நிம்மதியையும் தந்தது, தூக்கத்தையும் கெடுத்தது. நீண்ட ஆட்டத்தையும் ஆடியிருப்பாரோ? ஒன்றும் ஆகாமல் முடிந்திருக்குமோ? மறுநாள் ஒலெக் தனியாக ஆடினார், அவரைத் தேர்ந்தெடுத்தார்கள், அவர் போனார்.

நீங்கள் மேசைக்கு வரும்போது காலைப் பாருங்கள், அதுதான் வேலை. ஆனால் இசை தொடங்கும் முன் ஒரு தடவை நிமிர்ந்து அந்த ஆள் எங்கே பார்க்கிறார் என்றும் பாருங்கள். இதை உங்களுக்கு வகுப்பில் சொல்லமாட்டார்கள்.

போன மாசி மாதத்தில் ஸ்காபரோவில் சிறுபிள்ளைகளின் போட்டி ஒன்றுக்குப் போயிருந்தேன். ருஸ்லான் அங்கே பிள்ளைகளுக்குப் பழக்க வந்திருந்தார். நடையை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். கோபமாக இருப்பார் என்று எதிர்பார்த்தேன். தேநீர்க் கோப்பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நாளில் நடந்தது ஒன்றும் தனக்கு நினைவில்லை என்றார். காலையில் சப்பாத்துக் கட்டியது, பிறகு ஆஸ்பத்திரி விளக்கு. நடுவில் ஒன்றுமில்லை. வீடியோவைத் தனக்குத் தரவில்லை என்றார்.

"நன்றாக ஆடினேன் என்கிறார்கள். உண்மையா?"

மேசையில் கண்டதை ஆட்டக்காரரிடம் சொல்லக்கூடாது. நான் சொன்னேன். முதல் நாலு சுற்று, கூட்டுப் பாய்ச்சல், அக்ஸல் என்று அன்று கோல் பண்ணிய அதே வரிசையில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, நான் சொல்லச் சொல்ல ஒரு கையால் காற்றில் வளைவுகளைப் போட்டார். கடைசிச் சுழலோடு கை நின்றது.

"கைதட்டினார்களா?"

"நாங்கள் தட்டுவதில்லை" என்றேன். "மேசையில் இருப்பவர்களுக்கு அது வழக்கமில்லை."

அவர் தலையாட்டினார்.

"அது தெரியும்" என்றார். "நான் கேட்டது அந்தப் பக்கத்து இருக்கைகளில்."